அறிவியல் மன்ற மாணவர்களை வைத்துக் குடிநீர்த் திட்டம்: கண்காட்சியோடு நின்றுவிடாமல் மக்களுக்குப் பயன்பட என்ன செய்யலாம்?

கேள்வி: மன்றப்பொறுப்பு

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 28 பேர். வாரம் ஒரு நாள் 2 மணி நேரம், மொத்தம் 12 வாரம் கிடைக்கும். கண்காட்சிக்கு ஒரு மாதிரி செய்து, கைதட்டல் வாங்கி, மறுநாள் அதைப் பரணில் போடுகிற வேலை இனி வேண்டாம். பள்ளியைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு உபயோகமான ஒன்றைச் செய்ய வேண்டும், அதைச் செய்யும்போதே மாணவர்கள் பொறுப்பெடுத்து நடத்தவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பது குடிநீர். இப்போதைய யோசனை இரண்டு பகுதி: டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) வைத்து வீடு வீடாகத் தண்ணீரைச் சோதிப்பது, மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் ஒலி எழுப்பும் கருவி ஒன்று செய்து கொடுப்பது.

தெரிய வேண்டியவை: டிடிஎஸ் மீட்டர் மட்டும் போதுமா? எத்தனை மாதிரி எடுக்க வேண்டும்? கருவியில் எது பழுதாகும்? 28 பேரில் நாலு பேர் மட்டும் வேலை செய்து மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிற நிலை வராமல் எப்படிப் பிரிப்பது?

---

பதில் 1: நீர்ச்சோதனை

முதலில் மீட்டர். டிடிஎஸ் மீட்டர் உப்பை நேராக அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. ஒரே டம்ளர் தண்ணீரில் இரண்டு கம்பெனி மீட்டர்கள் இரண்டு எண் காட்டுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கிருமி இருக்கிறதா, ஆர்செனிக் இருக்கிறதா, ஃபுளோரைடு அளவு மீறியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. 150 காட்டும் தண்ணீர் வயிற்றுப்போக்கு தரலாம். 600 காட்டும் தண்ணீர் கிருமியில்லாமல் இருக்கலாம். மாணவர்கள் மீட்டரை நீட்டி "உங்க தண்ணி நல்ல தண்ணி" என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால், அதை நம்பிக் குடிப்பவர்களுக்கு நாம் தீங்குதான் செய்கிறோம்.

மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: உலர்ந்த பொட்டாசியம் குளோரைடு 0.746 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்கினால், 25 டிகிரி செல்சியஸில் கடத்துத்திறன் (மின்சாரம் பாயும் எளிமையின் அளவு) சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ். 0.5 காரணி உள்ள மீட்டர் இதில் ஏறக்குறைய 706 காட்ட வேண்டும். வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் கடத்துத்திறன் சுமார் 2 சதவீதம் ஏறும். அதனால் வெயிலில் நின்ற குழாய்த் தண்ணீரை உடனே அளக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும்.

உடல்நலத்துக்கு முக்கியமான கேள்வி மலக்கிருமி கலந்திருக்கிறதா என்பதுதான். பள்ளி அளவில் செய்யக்கூடியது ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பிச் சோதனை. ஊடகம் (கிருமி வளர்வதற்கான ஊட்டக் கலவை) தோய்த்த காகிதம் உள்ள கிருமி நீக்கிய குப்பியில், போட்டிருக்கும் கோடு வரை (வழக்கமாக 20 மி.லி.) தண்ணீர் ஊற்றி மூடி, 30 முதல் 37 டிகிரியில் வைத்தால், குடல்வாழ் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். அது ஊடகத்தில் உள்ள இரும்போடு சேர்ந்து குப்பியைக் கறுப்பாக்கும். 24 மணியில் ஒருமுறை, 48 மணியில் ஒருமுறை பார்க்க வேண்டும். குப்பிகளைத் தயாராக வாங்கிவிடுங்கள். பள்ளியில் ஊடகம் தயாரித்தால் கிருமி நீக்கம் சரியாக அமைவது கடினம்.

நடைமுறையில் சறுக்கும் இடங்கள்:

மன்றம் வாரம் ஒரு நாள்தான் கூடும் என்றால், மாதிரி எடுத்த அடுத்த இரண்டு நாளும் பள்ளி இருக்கிற நாளாகப் பார்த்து எடுங்கள். விடுமுறைக்கு முந்தைய நாள் எடுத்தால் குப்பியைப் பார்க்க ஆள் இருக்காது. மூன்று நாள் கழித்துப் பார்த்து "கறுத்திருக்கிறது" என்றால், எப்போது கறுத்தது என்பது தெரியாமல் போய்விடும்.

குழாய் வாயைத் துடைக்காமல் பிடித்தால் குழாயின் அழுக்கைத்தான் சோதிக்கிறோம். வாயில் செருகிய ரப்பர் குழாயைக் கழற்றி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, 1 முதல் 2 நிமிடம் ஓடவிட்டு, பிறகு பிடிக்க வேண்டும். குப்பி மூடியை மேசையில் வைக்கக் கூடாது, உள்பக்கம் கீழ்நோக்கியபடி கையிலேயே வைத்திருக்க வேண்டும். மாணவர்கள் தவறாமல் மறக்கிற விஷயம் இந்த மூடிதான். வெறும் தண்ணீர்க் குப்பியை வைத்து வகுப்பிலேயே பத்து முறை பழக்குங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒப்பீட்டுக் குப்பிகள் இரண்டு வேண்டும். ஒன்றில் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடியே ஆறவைத்த தண்ணீர்: இது கறுக்கக் கூடாது. இன்னொன்றில் குட்டைத் தண்ணீர்: இது கறுத்தே ஆக வேண்டும். இவற்றில் எது தவறினாலும் அந்தச் சுற்று முழுவதையும் தள்ளிவிட்டு மறுபடி செய்யுங்கள். தள்ளுவதற்கு மாணவர்களுக்கு மனம் வராது. அந்த முடிவை அவர்களே எடுக்கும்படி விடுங்கள்.

எத்தனை மாதிரி? நாலு பேர் கொண்ட ஏழு குழு, குழுவுக்கு 2 வீடு, ஆக 14 வீடு. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மாதிரி: குழாயில் ஒன்று, குடிக்க எடுத்து வைத்திருக்கும் பாத்திரத்தில் ஒன்று. அது 28. தொட்டி வெளிவாயில் 2, ஒப்பீட்டுக்கு 2. மொத்தம் 32 குப்பி. இரண்டு வாரம் கழித்து இன்னொரு சுற்று, ஆக 64. குழாய்க் குப்பி தெளிவாக இருந்து பாத்திரக் குப்பி கறுத்தால், கோளாறு விநியோகத்தில் இல்லை, எடுத்து வைக்கிற முறையில் இருக்கிறது. மூடாத அகன்ற வாய்ப் பாத்திரத்தில் டம்ளரைக் கையோடு விட்டு மொள்ளும்போது சுத்தமான தண்ணீரும் கெட்டுப்போகிறது. மூடியும் குழாயும் உள்ள பாத்திரம், அல்லது நீண்ட பிடி வைத்த அகப்பை: அந்த வீடு அன்றைக்கே செய்துகொள்ளக்கூடிய மாற்றம் அது. இரண்டு இடத்தில் மாதிரி எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

14 வீட்டில் 5 வீடு கறுத்தால் "14-ல் 5" என்றே எழுதச் சொல்லுங்கள். அதைச் சதவீதமாக்கி ஊர் முழுக்கப் பொருத்தக் கூடாது.

பயன்படுத்திய குப்பியில் கிருமி பெருகியிருக்கும். மாணவர்கள் திறக்கவே கூடாது. நீங்கள் கையுறை போட்டு, திரவ பிளீச் ஊற்றி, அரை மணி நேரம் வைத்து, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

---

பதில் 2: குளோரின் கணக்கு

மேலே சொன்னதோடு ஒரு செய்முறையைச் சேர்க்கலாம். வேதியியலும் கணக்கும் ஒன்றாக வரும், மாணவர்களுக்கும் மிகவும் பிடிக்கும். தண்ணீரில் எவ்வளவு குளோரின் போட்டால் போதும் என்று கண்டுபிடிக்கும் வாளிச் சோதனை இது.

குளோரினை அளந்து போட்டால் மட்டும் போதாது. தண்ணீரில் உள்ள இரும்பு, அங்ககப் பொருள், கிருமி எல்லாம் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிஞ்சுவதுதான் காவல். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்: பிஎச் 8-க்குக் கீழே இருக்கும் தண்ணீரில் குறைந்தது 30 நிமிடம் கழித்து மிஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சேரும் இடத்தில் குறைந்தது 0.2.

5 சதவீதத் திரவ பிளீச் 200 மி.லி. + தண்ணீர் 800 மி.லி. = 1 சதவீதக் கரைசல் 1 லிட்டர். வாசனைப் பொருள் சேர்க்காத பிளீச்சாக இருக்க வேண்டும். நாலு பிளாஸ்டிக் வாளி, ஒவ்வொன்றிலும் 20 லிட்டர். ஊசி இல்லாத சிரிஞ்சால் முறையே 1, 2, 3, 4 மி.லி. கரைசலை விட்டுக் கலக்குங்கள். 1 மி.லி. கரைசலில் 10 மில்லிகிராம் குளோரின் இருப்பதால், வாளிகளில் லிட்டருக்கு 0.5, 1, 1.5, 2 மில்லிகிராம் வரும். மூடி, நிழலில் 30 நிமிடம். பிறகு டிபிடி மாத்திரையால் (குளோரினோடு சேர்ந்து நிறம் காட்டும் மாத்திரை) மிச்சத்தை அளக்க வேண்டும்.

உதாரணத்துக்கு மூன்றாவது வாளியில் மிச்சம் 0.5 வந்தால், 20 லிட்டருக்கு 3 மி.லி. 1000 லிட்டர் தொட்டி அதைப் போல 50 மடங்கு, ஆகவே 150 மி.லி. இந்தப் பெருக்கலை ஒவ்வொரு மாணவரும் தனியாகப் போட்டுக் காட்டட்டும். ஒரு பூஜ்யம் தவறினால் என்ன ஆகும் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட இது நன்றாகப் புரியவைக்கும். ஆனால் பொதுத் தொட்டியில் ஊற்றுவது மாணவர் வேலை இல்லை. வாளிக் கணக்கை எழுதித் தொட்டிக்குப் பொறுப்பானவரிடம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கவனிக்க: டிபிடி மாத்திரையை விரலால் தொடக் கூடாது. போட்டதும் இளஞ்சிவப்பு வரும், 1 நிமிடத்துக்குள் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும், தாமதித்தால் நிறம் ஏறிக்கொண்டே போகும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் சிவப்பு தோன்றிய உடனே வெளுத்துப்போய் "பூஜ்யம்" போலத் தெரியும். சந்தேகம் வந்தால் 1 பங்கு மாதிரிக்கு 9 பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி பாருங்கள். வந்த எண்ணை 10-ஆல் பெருக்க வேண்டும். பழைய பிளீச் வீரியம் குறைந்திருக்கும், ஒளி பட்டால் இன்னும் வேகமாகக் குறையும். புதிதாகத் திறந்த பாட்டிலையே எடுங்கள். கலங்கல் 5 என்டியு-வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) மேல் இருந்தால் முதலில் தெளியவைத்து வடிகட்டுங்கள், மண் துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எட்டாது. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பிளீச்சோடு அமிலமோ அம்மோனியா கலந்த சுத்தம் செய்யும் திரவமோ சேரவே கூடாது, நச்சு வாயு வரும்.

---

பதில் 3: சுற்றுப்பலகை

கருவி பற்றி மட்டும். மாணவர்கள் முதலில் செய்ய நினைப்பது இப்படித்தான் இருக்கும்: தொட்டிக்குள் இரண்டு செம்புக் கம்பி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பஸ்ஸர். கண்காட்சி அன்று அருமையாக வேலை செய்யும். தொட்டியில் மாட்டினால் சில வாரத்தில் நின்றுவிடும். நேர்மின்சாரம் தொடர்ந்து பாயும்போது மின்னாற்பகுப்பு நடந்து, நேர்முனைக் கம்பி கரைந்து மெலியும், மேலே பச்சைப் பூச்சு படியும், மின்சாரம் பாயாது. போதாததற்கு, கரைந்த செம்பு குடிக்கிற தண்ணீரிலேயே சேர்கிறது. வகுப்பில் ஒரு கண்ணாடிக் குவளையில் 9 வோல்ட் பேட்டரி, இரண்டு செம்புக் கம்பி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, சன்னல்களைத் திறந்து வைத்து, நீங்களே செய்து காட்டுங்கள். அரை மணி நேரத்தில் கம்பியின் கதி கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்த வடிவமைப்பை யாரும் முன்மொழிய மாட்டார்கள்.

அடுத்து மீயொலி உணரி (ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து மட்டத்தை அளப்பது) கேட்பார்கள். வழக்கமான ஹெச்சி-எஸ்ஆர்04 உணரியின் இரண்டு கண்ணும் திறந்தவை. தொட்டியின் ஈரம் உள்ளே படிந்து துருப்பிடிக்கும். நீர்புகா வகையை வாங்கினால், முகத்துக்கு முன் சுமார் 20 முதல் 25 செ.மீ. வரை அதற்குப் பார்வை கிடையாது. "நிரம்பிய" மட்டம் அதற்குக் கீழே இருக்கும்படி உயர்த்தி மாட்ட வேண்டும். ஒலிவேகம் 20 டிகிரியில் நொடிக்கு சுமார் 343 மீட்டர், 35 டிகிரியில் சுமார் 352. திருத்தம் போடாவிட்டால் 150 செ.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 4 செ.மீ. பிழை வரும். 3.3 வோல்ட் பலகையோடு (இஎஸ்பி32 போன்ற சிறு கணினிப் பலகைகள்) இணைத்தால் எக்கோ முனையின் 5 வோல்ட்டை 1 கிலோஓம், 2 கிலோஓம் மின்தடைகளால் பிரித்து 3.3-க்கு இறக்குங்கள். நேராகக் கொடுத்தால் பலகை போய்விடும்.

என் பரிந்துரை இதையெல்லாம் விட எளிது: மிதவை சுவிட்சு. மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் ரீட் சுவிட்சு (காந்தம் அருகே வந்தால் இயங்குவது), தண்ணீருக்குள் மின்முனை எதுவும் கிடையாது. மேல்மட்டத்துக்கு ஒன்று, கீழ்மட்டத்துக்கு ஒன்று, ஒரு பஸ்ஸர், ஒரு எல்இடி, 5 வோல்ட் அடாப்டர். புரோகிராம்கூடத் தேவையில்லை. மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். வீட்டு மின்சாரத்தைத் தொடும் வேலை தகுதி பெற்ற மின்பணியாளருடையது.

இணைப்புகளை சால்டர் செய்யாமல் திருகு முனையத்தில் கொடுங்கள். சுவிட்சு கெட்டால் அங்கே இருப்பவரே திருப்புளியால் மாற்றிக்கொள்ளலாம். பெட்டி மூடியின் உள்பக்கம் சுற்றுப்படத்தை ஒட்டி, ஒரு உபரி மிதவை சுவிட்சையும் உள்ளேயே வையுங்கள். கம்பி நுழையும் துளை பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும். மேல்பக்கம் போட்டால் கம்பி வழியாகவே மழைநீர் உள்ளே இறங்கும்.

இன்னொன்று: 12 வாரத்தில் நீர்ச்சோதனை, கருவி இரண்டையும் செய்ய முயன்றால் இரண்டும் அரைகுறையாகும். சோதனை முதல் பருவம், கருவி அடுத்த பருவம் என்று பிரித்தால் நல்லது.

---

பதில் 4: கூட்டுப்பணி

இது வரை யாரும் தொடாத கேள்வி ஒன்று: முடிவை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்? குப்பியை வாங்குவதற்கு முன்பே இதற்கு விடை வேண்டும். தொட்டியைக் கழுவ உத்தரவிடுபவர் யார், குளோரின் போடுபவர் யார், உடைந்த குழாயை மாற்றுபவர் யார் என்று மாணவர்கள் கண்டுபிடித்து, அவர்களை நேரில் பார்த்து, "இப்படிச் சோதிக்கப் போகிறோம், முடிவை இந்த வாரம் கொண்டுவருவோம், என்ன வடிவில் கொடுத்தால் உங்களுக்கு உதவும்?" என்று கேட்க வேண்டும். முதல் மூன்று வாரம் இதற்கும் வீட்டு நேர்காணலுக்குமே போகட்டும். சோதனை முடிந்த பிறகு திடீரென்று போய் நின்றால், குற்றம் சொல்ல வந்தவர்களாகத்தான் பார்ப்பார்கள்.

நேர்காணலில் "உங்க தண்ணி சுத்தமா இருக்கா?" என்று கேட்கக் கூடாது. எல்லோரும் "ஆமாம்பா" என்பார்கள். நடந்ததைக் கேட்கச் சொல்லுங்கள்: "நேத்து குடிக்கிற தண்ணி எங்கேருந்து எடுத்தீங்க? எதில் ஊத்தி வெச்சீங்க? எதால மொண்டீங்க? மூடி இருந்துச்சா?" முடிந்தால் அந்தப் பாத்திரத்தைக் காட்டச் சொல்லலாம். வீட்டுப் பெயர் பதிவேட்டில் வரக் கூடாது, குறியீட்டு எண் மட்டும். படம் எடுக்க வேண்டாம். ஒரு வீட்டின் முடிவு முதலில் அந்த வீட்டுக்குத்தான், தனியாக. தெருவில் வைத்துப் பேசினால் அடுத்த சுற்றுக்கு எந்தக் கதவும் திறக்காது.

பொறுப்புப் பிரிவு: குழுவுக்கு நாலு வேலை. ஒருங்கிணைப்பு, அளவீடு, பதிவேடு, மக்களோடு பேசுதல். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுழற்றினால் 12 வாரத்தில் ஒவ்வொருவரும் நாலையும் செய்துவிடுவார்கள். இல்லாவிட்டால் நன்றாகப் பேசுபவர் பேசிக்கொண்டே இருப்பார், கையெழுத்து அழகாக இருப்பவர் கடைசி வரை எழுதிக்கொண்டே இருப்பார். சுழற்சியில் ஒரு ஆபத்து உண்டு: புதியவர் கை மாறும்போது அளவீடு தடுமாறும். அதனால் பழைய அளவீட்டாளர் முதல் இரண்டு அளவீட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற அட்டை பார்ப்பதை இருவர் தனித்தனியாக, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் எழுதட்டும். வேறுபட்டால் மூன்றாவது முறை. பொறுப்பு மாறும்போது மூன்று வரிக் குறிப்பு போதும்: முடிந்தது என்ன, சிக்கி நிற்பது என்ன, அடுத்து செய்ய வேண்டியது என்ன.

ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃப் வெளியீட்டில் சிறுவர் பங்கேற்பை 8 படி ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்பது அவர் கருத்து: பெரியவர்கள் ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்ப்பது. பதாகை பிடித்துப் படத்துக்கு நிற்பது அந்த இரண்டாம் படி. நம் திட்டங்களில் பலவும் அங்கேயே நிற்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மேலே ஏற ஒரு வழி: பாதுகாப்பைத் தவிர மற்ற எதிலும் ஆசிரியர் உடனே விடை சொல்லாமல் இருப்பது. "சார், இந்தக் குப்பி பாதிதான் கறுத்திருக்கு, என்ன எழுத?" என்று கேட்டால், "பார்த்ததை அப்படியே எழுது, குழுவோட பேசி முடிவெடு" என்று விட்டுவிடுங்கள். பிளீச், மின்சாரம், வீட்டுக்குள் போவது ஆகிய மூன்றில் மட்டும் உங்கள் சொல்தான் இறுதி. நேர்காணலுக்கு இருவராகவாவது போக வேண்டும், பெரியவர் ஒருவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

---

மன்றப்பொறுப்பு

அனைவருக்கும் நன்றி. கருவியை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவிடுகிறேன். ஒரு ஐயம் மட்டும்: வீட்டுப் பாத்திரம் கறுத்தால் சொல்வது எளிது. தொட்டி வெளிவாயில் எடுத்த குப்பியே கறுத்தால்? பீதியும் கிளப்பக் கூடாது, மறைக்கவும் கூடாது.

---

நீர்ச்சோதனை

எப்போது கறுத்தது என்று பாருங்கள். ஊற்றிய சிறிது நேரத்திலேயே கறுத்தால், தண்ணீரிலேயே சல்ஃபைடு இருக்கிறது என்று பொருள். நிலத்தடி நீரில் இது உண்டு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்தத் தண்ணீருக்கு இந்தச் சோதனை செல்லாது. பல மணி நேரம் கழித்துக் கறுத்திருந்து, ஒப்பீட்டுக் குப்பிகள் இரண்டும் சரியாக இருந்தால், அதை உண்மையென்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே அதே இடத்தில் இரண்டு மாதிரி மறுபடி எடுக்க வேண்டும். ஆனால் அந்த முடிவுக்காக 24 மணி நேரம் காத்திருக்காமல் பொறுப்பாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

ஆய்வக உறுதிப்பாட்டுக்கு ஈ.கோலி (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) சோதனை கேளுங்கள். அளவுகோல்: 100 மி.லி. நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. குளோரின் உள்ள தண்ணீரென்றால் சோடியம் தயோசல்ஃபேட் (குளோரினைச் செயலிழக்கச் செய்யும் பொருள்) போட்ட பாட்டில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, முடிவு பொய்யாக நன்றாக வரும்.

மக்களுக்கான அறிவிப்பை மாணவர்களே எழுதலாம், பொறுப்பாளர் பார்த்த பிறகு வெளியிட வேண்டும். நாலு வாக்கியம் போதும்: "இந்தத் தேதியில் தொட்டி வெளிவாயில் எடுத்த மாதிரியில் மலக்கிருமி கலந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறி தெரிந்தது. ஆய்வகச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும் வரை குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிவந்த பிறகும் 1 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியே ஆறவிடுங்கள். அடுத்த தகவல் இந்தத் தேதியில், இந்த இடத்தில் ஒட்டப்படும்." நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் பிரச்சினை உள்ள நீர் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால், கொதிக்கவைப்பது அவற்றை நீக்காது, நீர் ஆவியாவதால் செறிவு கொஞ்சம் கூடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அறிவிப்பின் கடைசி வாக்கியத்தில் சொன்ன தேதியில், ஆய்வக முடிவு வராவிட்டாலும், "இன்னும் வரவில்லை, அடுத்து இந்தத் தேதி" என்று ஒட்டிவிட வேண்டும். அந்தத் தாளை ஒட்டும் பொறுப்பு யாருடையது என்று பெயர் போட்டுப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.